பதினைந்தாவது ஓமம்

நித்தியானந்தன் பயந்த சுபாவக்காரன். அதை மறைக்க அவன் ஒருநாளும் பாடுபட்டதில்லை. உயரத்துக்குப் பயம், நாய்க்குப் பயம், தொலைபேசி அடித்தால் அந்தப் பக்கம் ஆங்கிலம் வருமே என்று பயம். இப்படிப்பட்டவனுக்கு விதி பார்த்துக் கொடுத்த வேலை, சிட்னி நகரின் நடுவில் எழும்பிக்கொண்டிருந்த நாற்பத்திரண்டு மாடிக் கட்டடத்தில். இலங்கையில், கட்டுப்பெத்தைக் கல்லூரியில் பொறியியல் டிப்ளோமா எடுத்தவன்தான். அந்தக் கடதாசியை இங்கே ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை என்பதால் பூச்சுச் சோதிக்கிற ஆளாகப் போய்ச் சேர்ந்தான். சுவர் வராத மாடிகளில், காற்று சட்டையைப் பிடித்து இழுக்க, நடுத்தூண்களோடு ஒட்டிக்கொண்டே நடப்பான். மூன்று வருடமாகியும் விளிம்புப் பக்கம் ஒருதரம்கூட எட்டிப் பார்த்ததில்லை.

வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. உருக்கு உத்தரம் பார்வைக்குத்தான் பலம். கட்டடத்தில் தீப்பிடித்தால் இளகி வளைந்துவிடும், மேலே இருக்கிற மாடியெல்லாம் கீழே வந்துவிடும். அதற்காக உத்தரத்துக்கெல்லாம் அஸ்பெஸ்டஸ் என்கிற கல்நார்ப் பூச்சு அடிப்பார்கள். சாக்குச் சாக்காகக் கல்நார்ப் பஞ்சை இயந்திரத்தில் கொட்டினால், அது குழாய் வழியாக மேலே வந்து, குழாய் வாயில் தண்ணீரோடு கலந்து, உருக்கில் போய் அப்பிக்கொள்ளும். காய்ந்தபிறகு நித்தியானந்தன் ஏணியில் ஏறி, அளவு கீறிய ஊசியால் அதைக் குத்திப் பார்ப்பான். முப்பத்தெட்டு மில்லிமீற்றர் இருந்தால் நீலச் சோக்கால் ஒரு சரி போடுவான். குறைந்தால் ஒரு பிழை. பூச்சடிக்கிற மீர்கோ என்ற யூகோஸ்லாவியக்காரன் பிழையைக் கண்டால் தன் பாஷையில் ஏதோ திட்டிவிட்டு மறுபடி அடிப்பான்.

உருக்கில் ஒட்டாத பஞ்சு கீழே விழும். தலையில் விழும், தேத்தண்ணிக் கோப்பையில் விழும். ஊதி ஒதுக்கிவிட்டுக் குடிப்பார்கள். நாய்க்கும் தொலைபேசிக்கும் பயந்த நித்தியானந்தன், அந்தப் பஞ்சுக்கு மட்டும் பயப்படவே இல்லை. பயப்படுகிறவனுக்கு எதற்குப் பயப்படவேண்டும் என்று தெரிந்திருந்தால் உலகத்தில் பாதி ஆபத்து இல்லாமல் போயிருக்கும்.

அவன் அதை நேசித்தான் என்றுகூடச் சொல்லலாம். நெருப்பால் தொட முடியாத பஞ்சு. அதைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது தன் டிப்ளோமாவுக்கு ஒரு மரியாதை வந்த மாதிரி இருக்கும்.

எழுபத்தாறாம் ஆண்டு மாசி மாதம் டூங்கபியில் ஒரு வீடு வாங்கினார்கள். மெல்லிய ஃபைப்ரோத் தகட்டுச் சுவர், பலகைத் தளம், பின்னால் ஒரு எலுமிச்சை மரம். புதுவீட்டுக் குடிபூரலுக்கு ஓமம் வளர்க்காமல் கால் வைக்க மாட்டேன் என்று மனைவி விமலாதேவி சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தில் சிட்னியில் எங்கள் ஆட்களுக்கென்று ஒரு கோயில் இல்லை, ஒரு குருக்கள் இல்லை. இருந்தவர் ஜெயரட்ணம். வரி அலுவலகத்தில் வேலை. தகப்பன் ஊர்க் கோயிலில் பூசை செய்தவர், ஆகவே மந்திரமெல்லாம் சின்ன வயதிலேயே பாடம். வெள்ளிக்கிழமை வரைக்கும் கழுத்துப்பட்டி, சனிக்கிழமை பூணூல் என்று அவரைப் பகிடி பண்ணுவார்கள். ஆனால் அவரில்லாமல் ஒரு வீட்டிலும் ஒன்றும் நடக்காது.

ஜெயரட்ணம் வந்து பலகைத் தளத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“தம்பி, இதில நெருப்பு வளர்த்தா வீடும் போயிடும், நானும் போயிடுவன். முற்றத்தில செய்வம் எண்டா, இந்த வெக்கைக் காலத்தில வெளியில நெருப்பு மூட்டக்கூடாதெண்டு ரேடியோவில சொல்லுறாங்கள்.”

“அதை என்னட்டை விடுங்கோ அண்ணை,” என்றான் நித்தியானந்தன். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது விமலாவுக்கே ஆச்சரியம்.

அடுத்த நாள் வேலைத்தலத்தில், கிழிந்துபோன சாக்குகள் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். குப்பைக்குப் போகிறதுதானே, கொண்டுபோ என்றான் மேற்பார்வைக்காரன். பின்படியில் குந்தியிருந்து விமலா அந்தப் பஞ்சைச் சீமெந்தும் தண்ணீரும் விட்டு, புட்டுக்கு மாக் குழைப்பதுபோல முழங்கை வரைக்கும் குழைத்தாள். மகள் சுகந்திக்கு அப்போது நாலு வயது. பறந்த பஞ்சைத் துரத்தித் துரத்தி ஊதினாள். பலகைச் சட்டத்தில் அச்சுப்பண்ணி, மூன்று படி வைத்து, சாத்திரத்தில் சொன்ன சதுரத்தில் ஒரு ஓமகுண்டம் செய்து முடித்தான் நித்தியானந்தன். மிஞ்சின பஞ்சை ஒரு சீலைத் துண்டில் அடைத்து, மகளின் பொம்மைக்கு ஒரு தலையணையும் தைத்துக் கொடுத்தான்.

குடிபூரல் அன்று இரண்டு மணித்தியாலம் நெருப்பு எரிந்தது. நெய்யை அள்ளி அள்ளி ஊற்றினார்கள். முடிந்ததும் ஜெயரட்ணம் குண்டத்தின் அடியில் கையை விட்டுப் பார்த்து, “பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர்ந்து கிடக்கு,” என்று சபையைப் பார்த்துச் சொன்னார். வந்திருந்த இருபது முப்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கையை விட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு நித்தியானந்தன் இரண்டு அங்குலம் உயர்ந்துதான் நின்றான்.

அதைவிடப் பெரிய அதிசயம் சாம்பல். ஊரில் ஓமச் சாம்பல் கறுப்பாக, கரடுமுரடாக இருக்கும். இந்தக் குண்டத்துச் சாம்பலை மெல்லிய துணியில் அரித்து எடுத்தபோது வெள்ளையாக, விரலில் பட்டுப்போல வழுக்கியது. குண்டத்தின் உட்பக்கம் சூட்டில் பொரிந்து, பொடியாகி, சாம்பலோடு கலந்துதான் அந்த வெள்ளை வந்தது என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பொறியியல் படித்தவனுக்கே தோன்றவில்லை. “முருகன் திருவுளம்,” என்றார் ஜெயரட்ணம். ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள் விமலா. எல்லோரும் நெற்றியில் பூசி, ஒரு துளியை நாக்கில் வைத்துக்கொண்டு போனார்கள். அது எங்கள் வழக்கம்; திருநீறு பூசுகிற கை வாய்க்கும் ஒரு துளி கொண்டுபோகாமல் இராது.

அதன் பிறகு அந்தக் குண்டம் டூங்கபியில் தங்கவில்லை. பாரமில்லாத சாமான், காரின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். குடிபூரலா, பிள்ளை பிறந்த துடக்குக் கழிவா, செத்தவரின் அந்தியேட்டியா, குண்டத்தைக் கொண்டுவா என்பார்கள். ஒன்றரை வருடத்தில் பதினான்கு ஓமம், ஒவ்வொன்றிலும் சாம்பலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவள் விமலா. உட்பக்கம் உதிர உதிர, நித்தியானந்தன் புதுச் சாக்குக் கொண்டுவந்து பூசிக் கொடுப்பான். அவனுக்குக் ‘குண்டத்து நித்தி’ என்று பெயரே வந்துவிட்டது. வேலைத்தலத்தில் அவன் பெயரை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இங்கே அவன் இல்லாமல் நெருப்பே மூட்டுவதில்லை.

வீட்டில் ஒரு டப்பா நிறையச் சாம்பல் இருந்தது. சுகந்திக்கு முட்டு வருத்தம். குளிர் தொடங்கினால் நெஞ்சு கீச்சிடும். டொக்டர் தந்த பாணி மருந்தைப் பருக்கிவிட்டு, விமலா அந்தச் சாம்பலை எடுத்துப் பிள்ளையின் நெஞ்சில் தடவி, நாக்கில் ஒரு துளி வைப்பாள். சற்று நேரத்தில் மூச்சு இலகுவாகும். டொக்டரின் பாணிக்கு விமலா ஒரு சதமும் புண்ணியம் கொடுக்கவில்லை, எல்லாப் புண்ணியமும் சாம்பலுக்குத்தான்.

இப்படி இருக்கையில், எழுபத்தேழாம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. காலைத் தேத்தண்ணி நேரம். முப்பத்தோராம் மாடியில் தொழிற்சங்கக்காரர் எல்லோரையும் கூட்டினார்கள். பிரையன் என்ற சங்கப் பிரதிநிதி ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றான். இன்றோடு பூச்சு வேலை நிற்கிறது என்று சொன்னான். இந்தத் தூசு சுவாசப்பைக்குள் போனால் வெளியே வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். உள்ளே குத்திக்கொண்டு கிடக்கும். சுவாசப்பை கல்லாகும், அல்லது அதைச் சுற்றிப் புற்றுநோய் வரும். வந்தால் மருந்தில்லை.

“நான் பதினான்கு வருடமாக அடிக்கிறேன்,” என்றான் மீர்கோ. “எனக்கு ஒன்றுமில்லையே.”

“இப்போது ஒன்றும் தெரியாது,” என்றான் பிரையன். “எக்ஸ்றே எடுத்தாலும் தெரியாது. இருபது வருடம் போகவேண்டும், முப்பது வருடம் போகவேண்டும். ஆட்களின் உடுப்பைத் தோய்த்த பெண்சாதிமார்கூடச் செத்திருக்கிறார்கள்.”

மீர்கோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டுத் தன் சட்டைக் கையைப் பார்த்தான். அதில் பஞ்சு இருந்தது. தட்டப்போன கையை அப்படியே எடுத்துவிட்டான். அவனுடைய உடுப்பையும் வீட்டில் ஒருத்தி தோய்க்கிறாள்.

கூட்டத்தில் நித்தியானந்தன் வாய் திறந்ததே கிடையாது. அன்று கையை உயர்த்தினான்.

“நாக்கில் வைத்தால்?” என்று கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். இந்தியன் பகிடி விடுகிறான் என்று நினைத்தார்கள். இலங்கை என்று மூன்று வருடமாகச் சொல்லியும் அவன் அவர்களுக்கு இந்தியன்தான். பிரையன் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து இறங்கி அவனிடம் வந்தான்.

“யார் நாக்கில் வைத்தது?”

“ஒருவருமில்லை,” என்றான் நித்தியானந்தன்.

வேலை நின்றதால் மத்தியானத்துக்குப் பிறகு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரயிலில் ஒரு மூலையில் இருந்தான். எதிரே இருந்த கிழவி இருமினாள், அவன் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் இந்தப் பேய் கண்ணுக்கே தெரியாத பேய். நேற்றுவரைக்கும் அவன் பயந்த நாய்க்குப் பல் இருந்தது, உயரத்துக்கு விளிம்பு இருந்தது, விலகி நிற்க ஓர் இடம் இருந்தது. இதற்கு எங்கே விலகுவது? ஏற்கெனவே உள்ளே போய்விட்டதே. சுகந்திக்கு ஐந்தரை வயது. இருபது வருடம் கூட்டினான். முப்பது கூட்டினான். அவள் கலியாணம் கட்டி, கையில் ஒரு பிள்ளையோடு நிற்கும் வயது வந்தது. கணக்கை அதோடு விட்டுவிட்டான், மேலே கூட்டப் பயமாக இருந்தது.

அப்போதுதான் நாளைக்குச் சனிக்கிழமை என்ற நினைவு வந்தது.

நாளைக்கு ஹோம்புஷ்ஷில் மகேந்திரராஜாவின் முதல் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. அந்தக் குண்டத்தில்தான் ஓமம். நேற்று வியாழக்கிழமை பின்னேரம்தான் ஜெயரட்ணம் வந்து புதுச் சாக்கு ஒன்றை வாங்கிக்கொண்டுபோனார், தானே பூசிக் காயவைக்கிறேன் என்று. பிள்ளையை ஓமப் புகையில் காட்டி, அந்தச் சாம்பலை நெற்றியில் வைத்து, நாக்கிலும் தொட்டு வைப்பார்கள். முப்பத்தொரு நாள் பிள்ளை.

டூங்கபி ஸ்டேஷனில் இறங்கி, தொலைபேசிக் கூண்டுக்குள் போய் ஜெயரட்ணத்தின் வீட்டு இலக்கத்தைச் சுழற்றினான். அவருடைய மனைவி எடுத்தாள். அண்ணை வேலைக்குப் போயிட்டார், என்ன விசயம் என்றாள். அந்த வீட்டிலும் ஒரு பொட்டலம் இருக்கிறது, அவளும் தினம் பூசுகிறாள். “ஒண்டுமில்லை அக்கா, சும்மா சுகம் விசாரிச்சனான்,” என்று சொல்லிவிட்டு வைத்தான். வைத்தபிறகு தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் சுகந்தி பள்ளிக்கூட உடுப்போடு குசினிக் கதிரையில் இருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் மூன்று வெள்ளைக் குறி. அவன் கைக்குட்டையை நனைத்து, அதை ஒற்றி ஒற்றித் துடைத்தான்.

“பிள்ளையின்ர நெத்தியை ஏனப்பா அழிக்கிறியள்?” என்று விமலா கேட்டாள். “என்ன நேரத்தோட வந்திட்டியள், முகமும் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?”

“அந்த டப்பாவில பூச்சி பிடிச்சிட்டுது விமலா. இனி அதைப் பூச வேண்டாம், கேட்டீரோ.”

“சாம்பலில பூச்சியோ?”

“ஓம்.”

இந்தப் பொய்யை ஐந்து வயதுப் பிள்ளைகூட நம்பாது. விமலா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் டப்பாவுக்குள் தண்ணீரை ஊற்றி, கூழாக்கி, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, எலுமிச்சை மரத்தடியில் முழங்கால் ஆழத்துக்குக் கிண்டித் தாட்டான். தாட்டுக்கொண்டிருக்கும்போது மகள் வந்து பக்கத்தில் நின்றாள். கையில் பொம்மை. பொம்மையின் தலைக்கீழ் அந்தத் தலையணை. ஒரு மூலையில் தையல் விட்டு, பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது.

“டடி, ஆர் யூ பெரியிங் இட்? புதைக்கிறியளோ?” என்றாள்.

அந்தத் தலையணையை அவன் மறந்தே போயிருந்தான். ஒன்றரை வருடமாக அது அவள் கட்டிலில், அவள் முகத்தோடு கிடந்திருக்கிறது. தன் கையால் தைத்தது. அவன் அதைப் பிடுங்கினான். அவள் வீறிட்டு அழுதாள். அழுதால் மூச்சை உள்ளே இழுப்பாள் என்ற நினைப்பு வர, அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான்.

மறுநாள் காலை ஹோம்புஷ் வீட்டு வாசலில் முப்பது சோடிச் செருப்பு. விமலா சுகந்தியைக் கூட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். நித்தியானந்தனைக் கண்டதும், “குண்டத்து நித்தி வந்தாச்சு, இனித் தொடங்கலாம்,” என்று யாரோ சொன்னார்கள். கூடத்தின் நடுவில் குண்டம், புதுப் பூச்சோடு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஜெயரட்ணம் தர்ப்பையை மாட்டிக்கொண்டு சமித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

நித்தியானந்தன் குனிந்து அவர் காதோடு சொன்னான். சங்கக்காரர் சொன்னதெல்லாம் சொன்னான், கோவையாக வரவில்லை, இருபது வருடம், ஊசி, உடுப்புத் தோய்த்த பெண்கள் என்று முன்பின்னாக வந்தது.

ஜெயரட்ணம் கேட்டுவிட்டு, இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டிச் சுவரைத் தட்டினார். ஃபைப்ரோச் சுவர் டொக் டொக்கென்றது.

“இது என்ன தம்பி? இதுவும் அஸ்பெஸ்டஸ்தான். சிட்னியில அரைவாசிச் சனம் இதுக்குள்ளதான் படுத்தெழும்புது. கூடாத சாமான் எண்டா கவர்மெண்ட் விடுமே?”

“அது எனக்குத் தெரியாதண்ணை. இது பொடியாகுது. சாம்பலோட கலக்குது.”

“யூனியன்காரன் சம்பளம் கூட்ட ஆயிரம் சொல்லுவான். பதினாலு ஓமம் நடந்திருக்கு. ஒருத்தருக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்ததே?”

“இப்ப வராதண்ணை. அதுதான் சொல்லுறன்.”

“நீர் பயந்த ஆள் நித்தி,” என்றார் ஜெயரட்ணம் அன்பாகவே. “உமக்குத் தெரியாததில்லை, எனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். போய் இரும். நல்ல நேரம் போகுது.”

அவன் போய் இருந்தான். இதுதான் உண்மை, எழுதாமல் விட முடியாது. அவன் சுவரோடு போய்ச் சாய்ந்து இருந்தான், அவர்கள் கற்பூரம் கொளுத்தினார்கள். நெய் விழுந்தது, சமித்து வெடித்தது, ஒவ்வொரு வெடிப்புக்கும் குண்டத்தின் உட்பக்கத்திலிருந்து ஏதோ உதிர்வதாக அவனுக்குப் பட்டது. யன்னல் வெயிலில் தூசு மிதந்தது. அது எந்த வீட்டிலும் மிதக்கிற தூசாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஜெயரட்ணம் விசிறியை எடுத்து நெருப்பை வீசினார். பிள்ளைகள் முன்வரிசையில் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சுகந்தியும் இருந்தாள்.

ஜெயரட்ணம் சொன்னது சரியாக இருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தான். பயந்தாங்கொள்ளியின் புத்தி என்று எல்லோரும் சிரித்துவிட்டுச் சோறு தின்னப் போகலாம். அப்படியே இருக்கட்டும் என்று முருகனைக் கும்பிட்டான். கும்பிடக் கும்பிட, பிரையன் பெட்டியிலிருந்து இறங்கி வந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

மகேந்திரராஜாவின் மனைவி பிள்ளையைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். மொட்டைத் தலை, இன்னும் கண் சரியாக நிலைக்காத பிள்ளை. ஜெயரட்ணம் குண்டத்தின் ஓரத்திலிருந்து ஆறின சாம்பலை இரண்டு விரலால் கிள்ளி எடுத்தார். பிள்ளை எதையோ தேடுவதுபோல வாயைத் திறந்தது.

எழும்பினது எப்போது என்று நித்தியானந்தனுக்கு நினைவில்லை. ஜெயரட்ணத்தின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். மந்திரம் சொல்லுகிறவர் கையை, ஓமத்தின் நடுவில். பிறகு மற்றக் கையால் கும்பத்துத் தேங்காயையும் மாவிலையையும் தள்ளிவிட்டு, கும்பத்தைத் தூக்கி, தண்ணீர் முழுவதையும் நெருப்பில் ஊற்றினான். தூசு எழும்பக்கூடாது என்ற ஒரே நினைப்புத்தான். முதற்பிள்ளையின் ஓமத்தீயை ஒருவன் அணைத்தான் என்பது அவன் மண்டையில் பிறகுதான் ஏறியது.

தாய்க்காரி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மகேந்திரராஜா அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான்.

“உனக்கென்ன விசரே?”

“பிள்ளையை வெளியில கொண்டு போங்கோ,” என்றான் நித்தியானந்தன். “எல்லாப் பிள்ளையளையும் வெளியில கொண்டு போங்கோ. சொல்லுறன். எல்லாம் சொல்லுறன்.”

சொன்னான். இந்தமுறை காதோடு அல்ல. குண்டம் எதனால் செய்தது, சாம்பல் ஏன் வெள்ளை, வேலைத்தலத்தில் ஏன் நேற்று வேலை நின்றது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னான். முடித்ததும் ஒரு பெண் தன் மகனைக் கிட்ட இழுத்து, சேலைத் தலைப்பை வாயில் நனைத்து, அவன் நெற்றியைத் துடைத்தாள். பிறகு நனைத்த தலைப்பைப் பார்த்து, துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் நின்றாள். மற்றப் பெண்களும் துடைக்கத் தொடங்கினார்கள். ஜெயரட்ணம் இரண்டு விரலையும் விரித்துப் பிடித்தபடி இருந்தார். அதில் அந்தக் கிள்ளுச் சாம்பல் இன்னும் இருந்தது, எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“பதினாலு வீடு,” என்றார் மெதுவாக. “என்ர கையால.”

விமலா பெண்களின் நடுவிலிருந்து எழும்பி வந்தாள். அவள் அழவில்லை.

“நேற்றுப் பூச்சி எண்டு சொன்னனீங்கள்.”

“ஓம்.”

“போன குளிருக்குப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் குடுத்தனான். இந்தக் குளிருக்கும். நான் பொட்டலம் கட்டிப் பதினாலு வீட்டுக்குக் குடுத்தனான்.” குரல் உயரவே இல்லை. “கணக்குப் பாருங்கோ நீங்கள். நீங்கள்தானே படிச்சனீங்கள்.”

அவள் சுகந்தியைத் தூக்கிக்கொண்டு செருப்புப் போடாமல் காருக்கு நடந்தாள்.

குண்டத்தை ஈரச் சாக்கால் சுற்றி, அவனும் மகேந்திரராஜாவும் முற்றத்து மூலையில் வைத்தார்கள். மகேந்திரராஜா அவனோடு பேசவில்லை, ஆனால் மறுபக்கத்தைத் தூக்கினான். பொட்டலங்களையெல்லாம் நனைத்து வைத்திருங்கோ, நான் வீடு வீடாக வந்து எடுக்கிறன் என்று நித்தியானந்தன் எல்லோருக்கும் சொன்னான். ஒருசிலர் தலையாட்டினார்கள். ஒருசிலர் அவன் முகத்தையே பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் விமலா குசினியில் முதுகைக் காட்டியபடி கழுவின கோப்பைகளையே திருப்பிக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் தலையணை உறைகளையெல்லாம் நனைத்துப் பைக்குள் கட்டினான். பிறகு சாமித் தட்டை ஈரத்துணியால் துடைத்தான், துணியையும் பைக்குள் போட்டான். எதைத் துடைத்து என்ன, உள்ளே போனதைத் துடைக்க ஒரு துணியில்லை. அவனுக்கு அழுகை வந்தது, பயம் அதை வெளியே விடவில்லை.

வெயில் இறங்க, சுகந்தியின் நெஞ்சு கீச்சிடத் தொடங்கியது. காலையிலிருந்து அழுததும் புகையும் சேர்ந்திருக்கும். அவன் பாணியைக் கரண்டியில் ஊற்றிப் பருக்கினான். அவள் குடித்துவிட்டு, ஒருவரும் சொல்லாமலே சாமித் தட்டின் முன்னால் போய் நின்றாள். சட்டைப் பொத்தானைத் தானே கழற்றி நெஞ்சைத் திறந்தாள். கையைக் கூப்பினாள். கண்ணை மூடி நாக்கை நீட்டினாள்.

விமலா குசினி வாசலில் வந்து நின்று பார்த்தாள். உடனே திரும்பிக்கொண்டாள்.

நித்தியானந்தன் சீனிப் போத்தலுக்குள் ஒரு விரலை விட்டு, ஒட்டினதைக் கொண்டுவந்து மகளின் நாக்கில் வைத்தான். அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

“இது சீனி,” என்றாள், மூச்சு இழுக்க இழுக்க. “ஐ வோண்ட் த அதர் வன். மற்றதைத் தாங்கோ அப்பா. அதுதான் மூச்சை மாத்தும்.”

சொல்லிவிட்டு, மறுபடியும் கண்ணை மூடி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.